தண்டவாளத்தை அடித்தவள்

என்னால் ஓரிடத்தில் அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருக்க ஏலாது. கல்யாண வீடு, செத்த வீடு, கோயில், ஆஸ்பத்திரி வாங்குப் பலகை, எங்கே இருத்தினாலும் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவேன். "உனக்கென்ன, எறும்பா கடிக்குது?" என்று மச்சாள் கேட்பாள். மச்சாள் என்றால் என் அண்ணனின் பெண்சாதி. முப்பது வருசத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். அவள் கேட்டால் ஏதாவது பகிடி விட்டுவிட்டு நழுவிவிடுவேன். சுனாமிக்கு முதல் நான் இப்படி இருந்தவளில்லை. அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விசயம்தான் என்னை இருக்க விடவில்லை. அதை ஆறு வருசம் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விளங்காது. நாவற்குடாவைத் தாண்டித் தெற்கே வந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின நிலம். அதில் வாவிக்கரையோடு கூரை ஓடு சுடும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தொழிற்சாலைக்காகத்தான் ஊரே உண்டானது. கோயிலும் அதற்குப் பிறகுதான் வந்தது. தொழிலாளர் இருக்க நாலு வரிசைக் குவாட்டஸ் வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சங்கக் கடை, மாலையில் கரப்பந்து அடிக்க ஒரு வெளி, அவ்வளவுதான். முதலாம் வரிசைக்காரரும் நாலாம் வரிசைக்காரரும் கரப்பந்தில் தொடங்கி அடிபிடியில் முடிப்பார்கள். அடுத்த நாள் ஒன்றாகக் களிமண் குழிக்குள் இறங்குவார்கள். பக்கத்து ஊர்க்காரர் எங்களைச் சேற்றுக்காலர் என்பார்கள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவன் சாரனை ஒதுக்கிக்கொள்வான். ஒதுக்கட்டும்! அவன் வீட்டுக் கூரையில் கிடப்பது நாங்கள் சுட்ட ஓடு.

ஆண்கள் வாவிக்கரைக் குழிகளில் களிமண் வெட்டுவார்கள். பெண்கள் சுமப்போம், அச்சில் வைப்போம், வெயிலில் காயப்போட்டுத் திருப்புவோம். பதினைந்து வயதில் நான் ஓடு திருப்பப் போனேன். அண்ணன் அதற்கு முன்பே குழிக்குள் இறங்கிவிட்டார். சூளைக்கு நெருப்பு வைக்கிற நாளில் அம்மனுக்குப் பொங்கல். நெருப்பு எரிகிற மூன்று நாளும் சூளையின் தலைமாட்டில் ஊர்ப் பெண்களின் கருவாடு காயும். சுடும்போது வெடித்த ஓடுகளை வளவின் ஒரு மூலையில் கொட்டுவார்கள். கொட்டிக் கொட்டி அது மாடி வீட்டை விட உயரமான மேடாகிவிட்டது. மேட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் தெரியும்.

தொழிற்சாலைக்குச் சங்கு கிடையாது. மேட்டுக்கும் குழிகளுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். அதில் ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காவற்காரர் இரும்புக் கட்டையால் ஆறுதலாக அடித்தால் வேலை தொடங்குகிறது, அல்லது முடிகிறது. யாராவது விடாமல் படபடவென்று அடித்தால் குழி சரிந்துவிட்டது. அந்த அடி கேட்டால் கேள்வி கிடையாது. உலையில் சோறு கிடந்தாலும் சரி, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்கரைக்கு வந்துவிட வேண்டும். இன்னொரு சட்டமும் இருந்தது. அடித்த ஆள் மரத்தடியை விட்டு அசையக் கூடாது. முதல் ஆள் வந்ததும் எந்தக் குழி, எந்த மூலை என்று கையைக் காட்ட வேண்டும். முன்னொரு காலத்தில் அடித்தவன் பதற்றத்தில் தானும் குழிக்குள் குதித்துவிட, வந்தவர்கள் வேறு குழியைத் தோண்டிக்கொண்டு நின்றார்களாம். மண்ணுக்குள் கிடந்தவன் செத்துப்போனான். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அது தெரியும்.

சண்டை தொடங்கினதும் விறகு வரவில்லை, லொறி வரவில்லை. கொழும்புக்குப் போன முதலாளி போனவர்தான். சூளை அணைந்தது. ஆனால் நாங்கள் எங்கே போவது? ஆண்கள் வாவியில் வலை வீசினார்கள், வாவிக்கு அக்கரையில் படுவான்கரை வயல்களுக்குக் கூலிக்குப் போனார்கள். நான் அப்பம் சுட்டு விற்றேன். தண்டவாளம் மட்டும் மரத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒருமுறை மூன்றாம் வரிசைக் கிணற்றில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டது. யாரோ போய்த் தண்டவாளத்தை அடித்தார்கள். ஊரே மண்வெட்டியோடு குழிக்கரைக்குப் போய் நின்று, மறுகா அங்கிருந்து கிணற்றுக்கு ஓடி வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது. கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்க மண்வெட்டியோடு வந்த ஊர் உலகத்திலேயே எங்களூர்தான் என்று வருசக்கணக்காகச் சிரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பம் விற்று முடிந்ததும் ஓட்டு மேட்டில் ஏறினேன். குசினிக் கூரை ஒழுகியது. உடையாத ஓடு நாலைந்து பொறுக்கலாம் என்று நினைத்தேன். மேலே நின்று நிமிர்ந்தபோது கடல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தென்னைகளுக்கு இடையில் கறுப்பாக ஏதோ எழும்பி வந்தது. கடற்கரை வீதியில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. சுனாமி என்ற சொல்லே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. கடல் வருகிறது என்று மட்டும் விளங்கியது. மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினேன். இரும்புக் கட்டையை எடுத்துத் தண்டவாளத்தை விடாமல் அடித்தேன். வேறு எப்படி அடிக்க? கடல் வருகுது, மேட்டில் ஏறுங்கள் என்று சொல்ல எங்களிடம் ஒரு அடி இருக்கவில்லை. குழி சரிந்த அடிதான் கைக்குத் தெரியும்.

இருபது அடி அடித்திருப்பேன். வீதிப் பக்கம் மரம் முறிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கட்டையைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறிவிட்டேன். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விசயம் ஒன்றுதான். நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. உயிர்ப்பயம்.

மேலே நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. ஊர் வந்துகொண்டிருந்தது. தோளில் மண்வெட்டியோடு குழிக்கரைக்கு! ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு, "மேல வாங்க, மேல ஏறுங்க!" என்று கத்தினேன். முன் வரிசைக்காரர்கள் மேட்டின் பக்கமாக வந்ததால் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள், தண்ணீரைக் கண்டார்கள், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஏறினார்கள். ஓடுகள் சரியச் சரிய, கைகால் கிழியக் கிழிய ஏறினார்கள்.

அண்ணனும் மச்சாளும் நானும் நாலாம் வரிசை. அங்கிருந்து குழிக்கரைக்கு வாவி ஓரமாக ஒரு குறுக்கு வழி. அண்ணன் அந்த வழியாக வந்தார். சாரனை மடித்துக் கட்டியிருந்தார், மேலில் சட்டை இல்லை, கையில் மண்வெட்டி. நேரே வேப்பமரத்தடிக்கு வந்தார். அங்கே யாரும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எந்தக் குழி?" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. என்னைச் சுற்றி ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் குழியின் கரை எப்போது சரியுமோ என்று பயமான கரை. அவர் அதை நினைத்திருக்க வேண்டும். அதற்குள் இறங்கினார். கரையை உடைத்துக்கொண்டு தண்ணீர் வந்தபோது அவர் தலை கூட எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சத்தில், பெரிய வழியால் மற்றவர்களோடு வந்து மேட்டில் ஏறியிருந்த மச்சாள் என் கையைப் பிடித்தாள். "அவர் எங்ககா? எனக்கு முன்னால வந்தவரே, காணல்லையா?"

"எனக்குத் தெரியா" என்றேன்.

இரண்டாம் நாள் அண்ணனைக் குழிக்குள்ளிருந்து எடுத்தார்கள். அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

பள்ளிக்கூட முகாமில் கிடந்த நாட்களில் இன்னொரு கூத்து தொடங்கியது. தண்டவாளம் அடித்ததால்தான் நாங்கள் மேட்டுப் பக்கம் வந்தோம், வந்ததால்தான் பிழைத்தோம் என்று எல்லோரும் பேசினார்கள். பக்கத்து ஊரில் போன உயிர்களைப் பார்த்தால் அது உண்மைதான். அப்படியானால் அடித்தது யார்? காவற்காரரிடம் கேட்டார்கள். "நான் இல்ல. நான் வரக்குள்ள மரத்தடியில ஒரு குஞ்சும் இல்ல" என்றார் மனிசன். அடித்த ஆள் மரத்தடியில் நிற்க வேண்டும், நிற்கவில்லை, ஆகவே அடித்தது ஆள் இல்லை. எங்கள் ஊர் மூளைக்கு அது போதும். அம்மன்தான் அடித்தது என்று முடிவாகிவிட்டது. நான் முதலே மேட்டில் நின்றதை, ஓடு பொறுக்க ஏறினவள்தானே என்று ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. தண்டவாளத்துக்கு மஞ்சள் பூசிப் பூமாலை போட்டார்கள். வருசா வருசம் அதே நாளில் மரத்தடியில் பொங்கல். என் கை பக்குவம் என்று பொங்கப் பொறுப்பும் எனக்கே! முதல் வருசம் பானை பொங்கி வருகிற நேரம் அகப்பையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மன் என்னை ஒன்றும் செய்யவில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

மச்சாள் மட்டும் அந்தப் பொங்கலுக்கு ஒரு வருசமும் வரவில்லை. அடித்தது யார் என்று ஊரே பேசியபோதும் அவள் மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே என் வாயிலிருந்து வரட்டும் என்று இருக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் அவள் வீட்டுப் படியில் போய் இருப்பேன். இருந்த கையோடு எழும்பிவிடுவேன். எனக்கும் அவளை விட்டால் யார்? புருசன் என்று ஒருவன் இருந்தான், வெளிநாடு போகிறேன் என்று போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். பிள்ளையும் இல்லை. மச்சாள் முகம் திருப்பினால் நான் யாரோடு ஒரு வாய் கதைப்பது?

அவளுக்கு ஒரே மகன். சுனாமிக்கு முந்தின வருசம் அவனை இயக்கம் கொண்டுபோய்விட்டது. தகப்பன் செத்தது அவனுக்குக் கடிதத்தில்தான் தெரியும். பிறகு சண்டை திரும்ப வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் செல் குண்டு விழ, படுவான்கரைச் சனம் எங்கள் விறாந்தைகளில் வந்து கிடந்தது. எங்கள் பக்கம் ஓய்ந்து, வன்னியில் முற்றி, ஒரு மே மாதத்தில் சண்டை முடிந்ததென்று ரேடியோ சொன்னது. சோதனைச் சாவடியில் வெடி கொளுத்தினார்கள். மச்சாள் ரேடியோவை அணைக்காமல் மூன்று நாள் அதன் முன்னால் இருந்தாள். சோறு தீத்தினால் துப்பினாள். பல மாதம் கழித்து வவுனியாவில் ஒரு முகாமில் பிள்ளை இருக்கிறானென்று தகவல் வந்தது. இருவருமாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். அவள் இருந்துகொண்டு வந்தாள், நான் அவ்வளவு தூரமும் நின்றுகொண்டே போனேன்.

புனர்வாழ்வு என்று வைத்திருந்துவிட்டு ஒருவழியாக வீட்டுக்கு விட்டார்கள். இடது கை மடங்காது. வாரத்துக்கு ஒருமுறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். யாரோடாவது கொளுவிச் சண்டைக்குப் போனால் திரும்ப உள்ளுக்குத்தான் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். முதல் இரண்டு கிழமை சாப்பிட்டான், படுத்தான். மூன்றாம் கிழமை குழிக்கரைக்குப் போய்விட்டு வந்து ஊரெல்லாம் விசாரிக்கத் தொடங்கினான்.

ஒரு மத்தியானம் மச்சாள் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். நண்டுக் கறி. மகன் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"மாமி, அப்பா வாவியிலேயே பிழைச்ச மனிசன். மீன் மாதிரி நீந்துவார். அவர் ஏன் குழிக்குள்ள கிடந்தவர்?"

நான் நண்டை உடைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். "தண்டவாளம் அடிச்சது மனே. எல்லாரும்தானே போனம்."

"போன எல்லாரும் மேட்டில ஏறித் தப்பியிருக்காங்க. அப்பா மட்டும் குழிக்குள்ள இறங்கியிருக்கார். ஏன்? எந்தக் குழியெண்டு சொல்ல மரத்தடியில ஆள் இல்ல. அம்மன் அடிச்சாவாம், அம்மன்! இவங்கட மூளையக் கழட்டி அடுப்பில வைக்கணும். ஆரோ அடிச்சிட்டு ஓடியிருக்கு."

"போனதைக் கிண்டாத மனே. சோத்தத் தின்" என்றாள் மச்சாள்.

"எனக்குத் தெரியும் ஆரெண்டு. எந்த நாளும் தண்டவாளம் அடிச்ச கை ஆர்ர கை? அந்தக் காவக்காரன்தான். நேத்துக் கேட்டன், முழிக்கான், கிழட்டு நாய். இண்டைக்கு அவன்ட வாயால சொல்ல வைக்கிறன்."

கையைக் கழுவாமல் எழும்பினான். சுவரில் சாத்தியிருந்த துடுப்பை நல்ல கையால் எடுத்தான். காவற்காரருக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும், காலையில் என்னிடம் இரண்டு அப்பம் வாங்கிக் கொண்டுபோய்ப் பாலில் ஊறப்போட்டுத் தின்கிற மனிசன். இவன் ஒரு அடி அடித்தால் அவர் எழும்ப மாட்டார். இவனும் இனி வீட்டுக்கு வர மாட்டான். மச்சாள் ஓடிப்போய் அவனுடைய சட்டையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டான். அவள் கதவு நிலையில் மோதி விழுந்தாள்.

"நான்தான்" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. வாசலில் போய்க் குறுக்கே நின்றேன். "டேய், நில்லுடா! அடிச்சது நான்தான். மேட்டில நிண்டு கடல் வாறதக் கண்டு, இறங்கி வந்து அடிச்சன். பயம் வந்திச்சு, போட்டுட்டு ஏறித்தன். கொப்பர் வந்து எந்தக் குழியெண்டு கேட்டது எனக்குக் கேட்டது. அவர் இறங்கினதையும் கண்டன். அந்தக் கிழவனுக்கு ஒண்டும் தெரியாது. அடிக்கிறதெண்டா என்னை அடி."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. துடுப்பு கையில் அப்படியே இருந்தது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாய்க்குக் காய்ச்சல் வந்தால் என் மடியில்தான் கிடப்பான். ஒரு அடி அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் துடுப்பைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தினான்.

நான் மச்சாளின் பக்கம் திரும்பினேன். விழுந்த இடத்திலேயே இருந்தாள். நெற்றியில் கொஞ்சம் இரத்தம். சரி, இப்போது சபிக்கப்போகிறாள், என் வீட்டுப் படி இனி மிதியாதே என்று சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"விடியப்புறம்தான் வலையக் கொண்டுவந்து போட்டுட்டுப் படுத்தவர்" என்றாள். யாரோடு பேசுகிறாள் என்று முதலில் விளங்கவில்லை. "அடிக்கிற சத்தம் கேட்டு நான்தான் தட்டி எழுப்பினன். 'ஆக்கள் போவாங்க, என்னைக் கொஞ்சம் படுக்க விடு' எண்டார். நான் விடல்ல. 'ஊரே போகுது, நீங்களெல்லாம் ஒரு ஆம்பிளையா' எண்டு ஏசினன். மண்வெட்டிய எடுத்துக் கையில குடுத்ததும் நான்தான். அண்டைக்கு அவர் படுத்த படுக்கையில கிடந்திருந்தா, என்னோட சேர்ந்து மேட்டில ஏறியிருப்பார்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. யார் அடித்ததென்று அவள் ஏன் கேட்கவில்லை, ஏன் பொங்கலுக்கு வரவில்லை என்று. அந்தப் பேச்சு எழும்பினால், அவரை அனுப்பியது யார் என்றும் யாராவது கேட்டுவிடுவார்களே என்று அவள் பயந்திருக்கிறாள். நான் அவள் பக்கத்தில் இருந்து நெற்றியைத் துடைக்கக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாத! நீ அடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. பயந்து மேல ஏறினதுக்கும் கோவம் இல்ல, ஆர்தான் ஏற மாட்டா? ஆறு வருசம்கா! சுவருக்கு அந்தப் பக்கம்தானே கிடந்தாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ வாயத் திறந்திருந்தா நானும் திறந்திருப்பன். நான் ஒருத்திதான் அவரச் சாகக் குடுத்தன் எண்டு இவ்வளவு காலமும் என்னைத் தனியாக் கிடக்க விட்டியே, பாவி!"